ஒரு பழக்கமும் இல்லாதவன்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள் சம்பளத்துக்கு முன்னால் பழக்கத்தைக் கேட்பார்கள். பழக்கம் என்றால் பீடி, சிகரெட், குடி. என் மாமனார் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஒன்றும் இல்லை என்றேன். அறுபத்து நான்கு வயது வரை அந்தப் பதில் மாறவில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, நிறையவே உண்டு. மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பிக் காயில் சுற்றிய முப்பது வருஷமும், மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே கூட்டமாக நின்று புகை விடும்போது நான் உள்ளே தனியாக உட்கார்ந்து டீ குடித்தேன். என்னைக் கண்டால் சிகரெட்டை மறைப்பார்கள். பேச்சையும் மறைப்பார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன ஆவணியில் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. எதையாவது எடுக்கப் போனால் அடங்கும். சும்மா மடியில் வைத்தால் ஆடும். சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆயிற்று. மார்கழியில்தான் ஆஸ்பத்திரி போனேன். டாக்டரம்மா நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பிறகு பார்க்கின்சன் என்றார். புகை, குடி உண்டா என்று கேட்டார். கிடையவே கிடையாது என்று நிமிர்ந்து சொன்னேன்.

அவர் லேசாகச் சிரித்தார். புகை பிடிக்கிறவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருவதாகத்தான் ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறதாம். காரணம் உறுதியாகத் தெரியவில்லை. நிகோடின்தான் காக்கிறது என்று சிலர் சொல்கிறார்களாம். வேறு சிலர், கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே நோய் மூளையில் தொடங்கிவிடுகிறது, அப்படிப்பட்டவர்களைப் புகை எளிதில் பிடித்துக்கொள்வதில்லை என்கிறார்களாம். குடி விஷயத்தில் ஒவ்வொரு ஆராய்ச்சியும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறதாம். கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குன்னு இப்பப் போயி பத்த வெச்சுப்போடாதீங்க. நடுக்கமும் நிக்காது, நெஞ்சும் கெட்டுப்போகுமுங்க" என்றார்.

துடியலூர் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரர் நாளுக்கு இரண்டு கட்டு பீடி ஊதியவர். நுரையீரல் கெட்டு ஐம்பத்தாறு வயதில் போனார், ஆனால் கடைசிவரை கை ஆடவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்த இரண்டாவது கட்சி சொன்னதுதான் குத்தியது. நான் மனக்கட்டுப்பாடு என்று நெஞ்சு நிமிர்த்தியதெல்லாம் நோய் செய்த வேலையாக இருந்தால், என்னிடம் என்னுடையது என்று என்ன இருக்கிறது? இதைச் சொல்லிப் புலம்ப வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் ஏழு மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். அவளிடம் நோயைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். வீடியோவில் கூப்பிட்டால் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து முகத்தை மட்டும் காட்டினேன்.

தை மாதம் பல்லடத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மடியில் கை ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு மரியாதை அதிகம். சந்தேகம் வந்தால் கேட்க மாட்டார்கள், உதவி செய்துவிடுவார்கள். என் மச்சானின் மகன், கோழிப்பண்ணை வைத்திருப்பவன், மெல்லப் பக்கத்தில் குனிந்தான்.

"ஏனுங்க மாமா, காலையில இன்னும் ஒண்ணும் போடலீங்களா? காருக்குள்ள வெச்சிருக்கறனுங்க. ஒரு மடக்கு உள்ள போனா கை நின்னுபோகுமுங்க."

மனைவி போன துக்கத்தில் நான் குடிக்கப் பழகிவிட்டேன் என்று சொந்தம் முழுக்க நம்பியிருக்கிறது. அவனை நான் அறைந்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகத்தில் கேலியே இல்லை, கரிசனம்தான் இருந்தது. நான் எழுந்து அவன் பின்னால் போனேன்.

மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கார் நின்றது. உள்ளே இருந்த மூன்று பேர் பதறாமல் எனக்கு முன் சீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். வயிறு சரியில்லை, வெறும் சோடா போதும் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. ஒருவர் பண்ணை நஷ்டத்தைச் சொன்னார், இன்னொருவர் பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அந்தக் காரில் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் இறங்க மனம் வரவில்லை. நாற்பது வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் சாப்பிட்டு முடித்ததும் பஸ் ஏறியவன் நான். நோய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் டம்ளரை மறைத்துவிட்டு ஆஸ்பத்திரி பேச ஆரம்பித்திருப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

நான்காம் நாள் மகள் கூப்பிட்டாள். பல்லடத்துப் பேச்சு பெங்களூருக்குப் போய்விட்டிருந்தது.

"நெசத்தச் சொல்லுங்கப்பா. குடிக்கறீங்களா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி கையைப் பற்றித்தான் வரும். "ஆமா கண்ணு" என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல என் வாய் எளிதில் வளையவில்லை.

அவள் அழுதாள். அழுகை அடங்கியதும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் நீளமாக மூச்சு விட்டாள். ஒருநாள் போன் செம்பிலிருந்து சரிந்தபோது மடியில் என் கை ஆடுவதைப் பார்த்துவிட்டாளாம். நடுக்கு வியாதியோ என்று பயந்து பத்து நாளாகத் தூங்கவில்லையாம். குடிதான் என்றால் நிறுத்திவிடலாம், இனி பயமில்லை என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதியை நான் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

"கொழந்த பொறக்கறதுக்குள்ள கை நிக்கோணுமுங்கப்பா. அம்மா இல்லாததுக்கு நீங்கதான் மொதல்ல கையில வாங்கோணும்."

"நிறுத்திப்போடறேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்தேன்.