ஐந்தாம் வருடத்து முல்லை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டம் மொத்தமே பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி. அதற்குப் போய் அப்பா ஐந்தாண்டுத் திட்டம் போட்டார். தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து சமையலறைக் கதவில் ஒட்டினார். முதல் வருடம் துவைக்கிற கல்லைச் சுற்றி சிமெண்ட். அடுத்தது அவருடைய கத்தரிப் பாத்தி. பிறகு எனக்குக் கொய்யா. நான்காம் வருடம் அவர் பேப்பர் படிக்க ஒரு பெஞ்சு. ஐந்தாம் வருடம், கடைசி மூலையில், அம்மாவுக்கு முல்லைப் பந்தல்.

அம்மா கொடியை முன்பே வாங்கிவிட்டாள். மாங்காட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வழியில், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அடியில் ஓட்டை போட்ட டிஸ்டெம்பர் வாளியில் நட்டு, மதிலோரம் மண்ணில் வைத்திருந்தாள். தரையில் நடலாமா என்று கேட்கும்போதெல்லாம் அப்பா, "பொறுத்தார் பூமியாள்வார்" என்பார். அவள் பூமியையா கேட்டாள்? ஒன்றரை அடி மண் கேட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்வாள். "இன்னாக்கா, கொடி இன்னும் வாளிலயே கீது? உங்க ஊட்டுக்காரு பிளானு இன்னா ஆச்சு?" அம்மா சிரித்து மழுப்புவாள்.

நான்காம் வருடம் பெஞ்சு வந்தது. அதே வருடம் எனக்கு சைக்கிளும் வந்தது. மழையில் நனைகிறது என்று அழுது அடம்பிடித்தேன். அப்பா என்னைத் தூக்கிக் கதவில் ஒட்டிய கிராஃப் தாளுக்கு நேராக நிறுத்தி, கையில் ரப்பரைக் கொடுத்தார். 'முல்லை'யை அழித்துவிட்டு 'சைக்கிள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பாவி, நாக்கைத் துருத்திக்கொண்டு, கோடு தாண்டாமல் எழுதினேன். அடுப்படியில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "எனக்கென்ன, அது வாளியிலயே நல்லாத்தான் இருக்கு" என்றாள். நானும் நம்பினேன். மூலையில் தகரக் கொட்டகை எழும்பியது.

அடுத்த வருடமே அண்ணனூரில் மூன்றாம் மாடியில் ஃபிளாட் வாங்கி, குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சாமானெல்லாம் டெம்போவில் ஏறிய பிறகு அப்பா வாளியைத் தூக்கினார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வேர் ஓட்டை வழியாக இறங்கி, திட்டத்தில் இல்லாத இடத்தில் பூமியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உட்டுட்டுப் போக்கா, நான் தண்ணி ஊத்திக்கிறேன்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா அப்பாவின் கையைப் பிடித்தாள். எதற்கும் குறுக்கே நிற்காதவள். "அதுவாவது தனக்குன்னு ஒரு எடம் புடிச்சுதே. விட்டுருங்க."

"உன் கொடியை உனக்காகத்தானேடி எடுக்கிறேன்" என்று அப்பா கடப்பாரையால் வேரைக் குத்தி அறுத்தார். உண்மையாகவே நல்லது செய்கிற நினைப்புத்தான் அவருக்கு. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. பால்கனியில் பத்தே நாளில் கொடி காய்ந்தது.

அன்று டெம்போவில் அம்மா அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக அழுதாள். பழைய வீட்டை விட்டு வருகிற வருத்தம் என்று நினைத்தேன். அவள் கன்னத்தைத் துடைத்து, "அழாதம்மா, அங்க சைக்கிள் விட தனி எடமே இருக்காம்" என்று ஆறுதல் சொன்னேன்.