வெட்டிக் கிழித்த நைட்டி

நைட்டி கண்ணில் படுவதற்கு முன்பே விஜயராணிக்கு அதன் நாற்றம் மூக்கில் ஏறியது. யார் யாரோ போட்டுக் கழற்றிய வேர்வை, துவைக்காமல் பழந்துணிச் சாக்கிலேயே கிடந்து புளித்துப்போயிருந்தது.

"இதப் போட்டுட்டு வந்து நில்லுங்கக்கா. ஒரே ஒரு போட்டோ" என்றான் அருள்செல்வன், நல்லூர் சபையின் செயலாளர். ஒரு பிள்ளையின் நர்சிங் படிப்புச் செலவை வெளிநாட்டு மெதடிஸ்ட் சபை ஏற்கிறது; அவர்களுக்குத் தாயின் போட்டோவை அனுப்பவேண்டும். பட்டியலில் முதல் பெயர் அவள் மகள் பெனிட்டா.

மெதடிஸ்ட்காரர்களின் உதவி அவளுக்குப் புதிதில்லை. தெற்கே அவள் சொந்த ஊரில், பஞ்ச காலத்தில் அவர்கள் அனுப்பிய கோதுமையில் காய்ச்சிய கஞ்சிதான் அவள் அப்பா பெரியகருப்பனை வளர்த்தது. பிற்பாடு அவர்கள் வெட்டிய கிணற்றுத் தண்ணீர் குடித்து அவள் வளர்ந்தாள். அப்பா கட்டியிருந்த கோவணத்தைப் பார்த்து, இது போதாது, இன்னும் கிழி என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"எஞ் சேலைக்கு என்ன கொறச்சல்?"

"அதாங்கக்கா கொறச்சலே! நம்மூர்ல ஆளாளுக்கு எக்ஸ்போர்ட்ல கழிச்ச செகண்ட்ஸ் துணி போட்டுட்டுப் பளபளன்னு சுத்தறாங்க. போட்டோவுல ஏழைன்னே தெரியறதில்லீங்க."

"கிழிசல் வேணும்னு அவுக கேட்டாகளா?"

"கேக்கலீங்க. நாமதான் பார்த்து நடந்துக்கோணும்."

பதினாறு வருசமாய் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் கை, தானாகத் துணிக்குள் நுழைந்து ஓட்டையை விரித்தது. நைந்து கிழிந்த துணியில் நூல் பிசிறு பிசிறாய் நிற்கும். இது கத்தரி போட்ட வெட்டு. தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. பொம்பளை உடம்பில் எது எது தெரியவேண்டும் என்று அளந்து வெட்டியிருக்கிறான்.

"ஏல, நீயா வெட்டுன? ஒன் வீட்டுப் பொம்பளைக்குப் போட்டு நிறுத்துவியால இப்படி?"

அவன் முகம் கறுத்தது. "இஷ்டமில்லாட்டி விடுங்க. அடுத்த பேரு இருக்குதுங்க."

அடுத்த பெயர்க்காரி முத்துப்பேச்சி பின்னாலேயே நின்றாள். ஒரே லைன் வீட்டு வரிசையில் விஜயராணிக்கு அடுத்த கதவு.

"கொண்டா யக்கா, நான் போட்டுக்கிடுதேன். எம் புள்ளயும் படிக்கணும்லா."

விஜயராணியால் கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. முத்துப்பேச்சியே உருவிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

திரும்பி வந்தவள், கழற்றிய தன் புது டாப்பை நீட்டினாள். "தரையில வச்சா அழுக்காயிரும். செத்த பிடி."

கேமரா முன்னால், வெட்டுப்பட்ட தோளை முத்துப்பேச்சி கையால் மறைத்தாள். "கைய எடுங்கக்கா" என்றான் அருள்செல்வன். எடுத்தாள்.

படம் எடுத்து முடியும்வரை விஜயராணி அந்த டாப்பை மடித்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.