நாற்பது வளைவுகளிலும் தட்டாத எஞ்சின்

சென்ற சனிக்கிழமை வால்பாறை போனேன். தேயிலையையோ மழையையோ பார்க்க அல்ல. குமரேசனின் எஞ்சின் தோற்பதைப் பார்க்க.

குமரேசன் கல்லூரியில் என்னோடு படித்தவன். பெருந்துறையில் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறான். நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருடம் நான் வரைந்த ஒரு சிலிண்டர் ஹெட் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போனான். தரவில்லை. அதை வைத்துத்தான் அவன் ஆளானான் என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிவருகிறேன். இந்த வலைப்பூவின் பெருந்துறைப் பதிவிலும், பெயர் போடாமல், எழுதியிருக்கிறேன்.

போன வாரம் அவனே அழைத்தான். "டர்போ வண்டிக்குப் புது ஹெட்டு பண்ணியிருக்கறேன்டா. மலையேத்திப் பாக்கோணும். உன்ற காது வேணும்." அதில் என் வரைபடம் இருந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் எஞ்சின் தட்டுவதையாவது கேட்கலாம். வருகிறேன் என்றேன்.

காலை 5.40க்கு கோவை உக்கடத்தில் அவன் வண்டியில் ஏறினேன். மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார், பின்னால் ஐந்து மணல் மூட்டை. எஞ்சினில் ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி முடுக்கி, மறுமுனையை என் இருக்கைவரை கொண்டுவந்து காதடைப்பானில் செருகியிருந்தான். மருத்துவரின் குழாய் மாதிரிதான். கருவிகள் ஆயிரம் இருந்தாலும் அவன் பட்டறையில் கடைசித் தீர்ப்பு இந்தக் குழாய்தானாம்.

விஷயம் இதுதான். சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சினின் மூடி. அதன் அடியில் உள்ள குழிவில்தான் பெட்ரோல் எரிகிறது. டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால் சூடும் அழுத்தமும் ஏறும். குழிவின் வடிவம் தப்பாக இருந்தால், தீ பரவும் முன்பே ஒரு மூலையில் பெட்ரோல் தானாக வெடிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கிய சத்தம் வரும். எஞ்சின் தட்டுகிறது என்பது அதைத்தான். பாரத்தோடு இரண்டாவது கியரில் மேடேறும்போதுதான் அது வெளிப்படும். அதனால்தான் வால்பாறை.

பொள்ளாச்சி 40 கி.மீ., 6.35க்குச் சேர்ந்தோம். இட்லி, காபி, இருவருக்கும் 130 ரூபாய். ஆழியாறு இன்னும் 24 கி.மீ. சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள். பக்கத்து டீக்கடைக்கார அம்மா வண்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மண்ணை எங்கீங்க கொண்டுபோறீங்க?"

"மலைக்குங்க அம்மணி. சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்துருவோம்" என்றான் குமரேசன்.

"வேற வேலை இல்லீங்களா?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

முதல் வளைவிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் வரையாடுகள் நின்றிருந்தனவாம், நான் பார்க்கவில்லை. பதினேழாவது வளைவில் ஒரு பக்கக் காதடைப்பான் நழுவியபோது கேட்டேவிட்டது.

"தட்டுதுடா!"

குமரேசன் வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் போய்ப் பார்த்தான். "டேய், அது என்ற ஊட்டுக்காரி குடுத்துவிட்ட தூக்குப்போசிடா. உள்ள கரண்டி ஆடுது. எஞ்சின்ல ஏதாச்சும் கேட்டா சொல்லு."

நாற்பதாவது வளைவுவரை எஞ்சினில் எதுவும் கேட்கவில்லை. 9.30க்கு வால்பாறை. ஆழியாற்றிலிருந்து 40 கி.மீ.

பேருந்து நிலையம் தாண்டி நிறுத்தி, சாக்கில் சுற்றிய இரண்டு ஹெட் துண்டுகளை எடுத்தான். குறுக்கே அறுத்தவை. முதலாவது, இப்போது வண்டியில் ஓடும் புது வடிவம். குழிவின் விளிம்புகள் மழுங்கலாக, அடித்தகடு தடிமனாக, புகை வெளியேறும் இரண்டு வால்வுகளுக்கு நடுவே தண்ணீர் ஓட ஒரு துளையோடு இருந்தது. என் வரைபடத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதைத் திருப்பினான். கூரான விளிம்பு, இறுக்கமான குழிவு. வெள்ளைப் பெயின்டில் 'கதிரு' என்று என் பெயர். வால்வுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல்.

"உன்ற டிராயிங்கத்தான்டா மொதல்ல ஊத்துனேன். இதே மலைல ஒம்பதாவது வளைவுலயே தட்டிருச்சு."

"வார்ப்பு சரியில்லாம இருந்திருக்கும்."

"ரெண்டு தடவ ஊத்திப்போட்டேன். டர்போ இல்லாத வண்டின்னா நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அப்ப இத்தனை வருசம் எதை வெச்சு ஓட்டுன?"

"கம்ப்ரசர் மூடிடா. அதுக்கு டிராயிங்க மூடி வாங்கற கம்பெனிக்காரங்களே குடுத்துருவாங்க. உன்றதத் திருப்பிக் குடுத்தர்லாம்னா நீதான் என்ற கண்ணாலத்துக்கே வரலியே." கதவுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். என் கையெழுத்துதான். ஓரம்கூட மடங்காமல் வைத்திருந்தான்.

தூக்குப்போசியில் எலுமிச்சை சாதம். நன்றாகவே இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

போகிறவர்களுக்கு: இ-பாஸை முந்தின நாளே எடுங்கள். ஆறு மணிக்குள் கோவையை விட்டால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் இரண்டாவது கியரிலேயே வாருங்கள். சொந்த வண்டியின் ஹெட்டை அரைத்து அழுத்தத்தைக் கூட்டும் ஆசை இருந்தால், டர்போ வண்டியில் வேண்டாம். இதை என் பெயர் போட்ட விரிசலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெருந்துறைப் பதிவில் அவனைப் பற்றிய அந்த வரியை இன்று நீக்கிவிட்டேன். அவன் திருடியிருந்தால் இன்னும் இருபத்தாறு வருடம் தாங்கியிருப்பேன். நானில்லாமலே, என்னுடையதைச் சோதித்துத் தள்ளிவிட்டு முன்னேறியிருக்கிறான். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.