அவன் விட்ட பிளாக்

இரண்டாயிரங்களின் நடுவில் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பேச ஆளில்லாமல் முதல் குளிர்காலம் கழிந்ததும், பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். மாணவர்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஆட்டங்களைப் படம்பிடிக்க ஆள் தேவை. அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையை விட்டு எங்காவது போனால் போதும் என்றிருந்தது.

மைதான ஓரத்தில் இரும்புச் சாரம் கட்டியிருப்பார்கள். கேமராவோடு நான் மட்டும் மேலே நிற்பேன். கூட்டம் பந்தைப் பார்க்கும். நான் பார்க்க வேண்டியது முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்களை. பந்தோடு ஓடுகிறவனைப் பிடிக்க வருகிறவர்களை இவர்கள் உடம்பால் மறித்து வழி உண்டாக்க வேண்டும். அதுதான் பிளாக். ஐவரும் மறித்துவிட்டால் ஓடுகிறவன் பாதி மைதானத்தைக் கடந்துவிடுவான். ஒருவன் மறிக்காமல் விட்டால் ஓடுகிறவன் இரண்டடியில் விழுவான். திட்டு மட்டும் விழுந்தவனுக்கு. யார் விட்டது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதி, செவ்வாய்க்கிழமை பயிற்சியாளரிடம் கொடுப்பேன்.

அந்த ஐவரில் ஒருவன் தமிழன். யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை, ஜெர்மனியிலேயே வளர்ந்தவன். முதல் நாளே சாரத்தடியில் வந்து நின்று, "அண்ணை, தமிழோ?" என்றான். பிறகு ஆட்டத்துக்குப் போவதும் வருவதும் அவன் காரில்தான். அவன் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. என் பேச்சிலிருந்த இங்கிலீஷைக் கேட்டு அவன் சிரிப்பான். வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசியது அந்தக் காரில் மட்டும்தான்.

ஒரு கோடைக்கால ஆட்டம். கடைசி நிமிடம், ஒரு நீண்ட ஓட்டம் கிடைத்தால் ஜெயித்துவிடலாம். பந்தை வாங்கியவன் நாலடிகூடப் போகவில்லை. "உன் காலில் வேகமே இல்லை" என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் கத்தினார். அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு இடமில்லை என்றார். பந்தோடு ஓடிய அந்த ஜெர்மன் பையன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான்.

காரில் திரும்பும்போது என் தமிழ் நண்பன் கேட்டான்.

"அண்ணை, மேல இருந்து பாத்தனீங்கள்தானே?"

"ம்."

"நான் உள்பக்கம் திரும்பிட்டன். நான் மறிக்கவேண்டிய ஆள் வெளிப்பக்கத்தாலை போயிட்டான். அதை எழுதாதேங்கோ."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் படத்தை ஓடவிட்டேன். அவன் ஒரு நொடி மறித்திருந்தால் போதும். அதற்கப்பால் எல்லைக்கோடு வரை ஒருவரும் இல்லை. எழுதினேன்.

செவ்வாயன்று பயிற்சியாளர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். எல்லாரும் என் நண்பனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். ஓடுகிறவனுக்கு இடம் திரும்பக் கிடைத்தது.

அந்த ஞாயிறு கார் வரவில்லை. அவன் வழக்கமாக என்னை ஏற்றிக்கொள்ளும் பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டு ரயில் ஏறினேன். மைதானத்தில் எதிர்ப்பட்டபோது, மரியாதையாக, ஜெர்மனில் வணக்கம் சொன்னான். அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

கடைசி ஆட்டம் முடிந்து சாரத்தைப் பிரிக்கும்போது, குழாயின் மறுமுனையை வந்து பிடித்தான்.

"நீங்கள் எழுதினது சரி, அண்ணை. எழுதப்போறன் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாம். நானே போய் ஒத்துக்கொண்டிருப்பன்."

"பயமா இருந்துச்சுப்பா."

"என்ன பயம்?"

நீ போய்விடுவாய் என்றுதான். ஆனால் "தெரியல" என்றேன்.

குழாயை வண்டியில் ஏற்றினோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு மற்றவர்களோடு போனான்.

அடுத்த வருடம் பிராங்பேர்ட்டில் வேலை கிடைத்தது. அவனிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். புது அலுவலகத்தில் தமிழர்கள் நிறைய. கூப்பிட்டால் சாப்பிடப் போவேன். யாராவது காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்பதற்குள் எழுந்து வந்துவிடுவேன்.