எல்லாக் கிழமையும் விரதம்

முதலில் கழுத்துதான் கறுத்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. பின்கழுத்து மடிப்புகளில் ஒரு கருமை படர்ந்து தடித்தது. அதை அழுக்கு என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். ஞாயிறுதோறும் பயத்தமாவும் பீர்க்கங்காய் நாருமாக உட்கார்ந்து தேய்த்தாள். தோல் உரிந்து எரிந்ததே தவிர, கருமை போகவில்லை.

நாங்கள் கன்னடம் பேசும் ஊரில், பொம்மனஹள்ளியில், ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. பள்ளியில் என் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. உடம்பை வைத்து வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒன்று வைத்திருப்பார்கள், எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மாதவிடாய் பல மாதங்கள் வராமல் போனபிறகுதான் டாக்டரிடம் போனோம். பிசிஓஎஸ் (ஹார்மோன் சமநிலை குலைந்து மாதவிடாய் தள்ளிப்போவது, எடையும் கூடலாம்) என்றார். கூடவே இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சுரந்தும் உடல் அதை ஏற்காத நிலை). கழுத்துக் கருமைக்கு அதுதான் காரணமாம். அம்மா என் கழுத்தை ஒருமுறை பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"வளர்ற பொண்ணும்மா. பட்டினி மட்டும் போடாதீங்க," என்றார் டாக்டர். "மூணு வேளையும் சாப்பிடணும். சோத்தைக் கொஞ்சம் குறைச்சு காய், பருப்பு, முட்டை ஜாஸ்தி பண்ணுங்க. தினமும் நடக்கட்டும், நல்லா தூங்கட்டும். எடை மெதுவாத்தான் இறங்கணும். அவசரம் கூடாது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் மெதுவாக என்பது எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. ஆட்டோவில் வரும்போதே அம்மா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு பொழுது இரு கண்ணு. சாமிக்கும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு."

வெள்ளி அம்மனுக்கு. புரட்டாசி வந்ததும் சனிக்கிழமை பெருமாளுக்குச் சேர்ந்தது. புரட்டாசி முடிந்தது, சனிக்கிழமையை நான் விடவில்லை. கீழ்வீட்டு ஓனர் ஆன்ட்டி கன்னடக்காரர். "சோமவார சிவனுக்கு, குருவார ராயருக்கு இரும்மா. ஒள்ளேதாகுத்தே," என்று நல்லது நடக்கும் என ஆசீர்வாதம் செய்தார். திங்களும் வியாழனும் அப்படிச் சேர்ந்தன. செவ்வாய் முருகனுடையது. ஞாயிறன்று கிருத்திகையோ சதுர்த்தியோ வந்துவிடாதா என்று காலண்டரைப் பார்ப்பேன். புதன்கிழமை மட்டும் எந்தச் சாமியும் இல்லாமல் மீந்தது. அன்று தலைவலி என்று சொல்லிக்கொண்டேன்.

டயட் என்று சொல்லியிருந்தால் அம்மா சோற்றுத் தட்டோடு என் பின்னாலேயே வந்திருப்பாள். விரதம் என்றதும் அவளே தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கோயிலில் தெரிந்தவர்களிடமெல்லாம் "இந்த வயசுல இவளுக்கு எவ்ளோ பக்தி பாருங்க" என்று சொல்லிப் பூரித்துப்போனாள். இந்த ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான், சாப்பாடாச்சா என்று. "உபவாசா" என்று நான் பதில் சொன்னால், கேட்டவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். எடை வேகமாக இறங்க, பள்ளியில் அந்தப் பெயரும் நின்றுபோனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. மதிய வெயிலிலும் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. எந்த மாதவிடாய்க்காக இதெல்லாம் தொடங்கினோமோ, அது எப்போதாவது எட்டிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். நெய்ப் பொங்கலை மறுக்க முடியாமல் சாப்பிட்டேன். வீடு திரும்புவதற்குள் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி பிடித்து, தோள்பட்டை வரை ஏறியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓனர் ஆன்ட்டிதான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

பித்தப்பை (கொழுப்பைச் செரிக்கவைக்கும் பித்தநீரைச் சேர்த்துவைக்கும் சிறு பை) நிறையக் கற்கள் என்றது ஸ்கேன். எடை வேகமாக இறங்கினாலும், வயிறு நெடுநேரம் காலியாகக் கிடந்தாலும் இப்படிக் கல் சேரலாம் என்று விளக்கினார்கள். வீக்கமும் இருந்ததால் பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிறாக இருக்க வேண்டும், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போக இருந்தார்.

"அதெல்லாம் இருந்துடுவா சிஸ்டர். அவளுக்குப் பழக்கம்தான்," என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது போலும். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். என்னை உள்ளே கொண்டுபோகும் வரை திரும்பவே இல்லை.

அறுவை சிறியதுதான், நான்கு தழும்புகள். ஆறாதது வேறு. உணவுக் கோளாறு (சாப்பாட்டைப் பற்றிய பயம் நோயாகவே மாறுவது) என்று மனநல ஆலோசகர் அதற்குப் பெயர் சொன்னார். பசி என்ற உணர்வே எனக்கு வருவதில்லை. போனில் மூன்று அலாரம் வைத்து, அவை அடிக்கும்போது சாப்பிடுகிறேன். ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் கை வியர்த்துவிடும். கல்லூரியில் சேர்ந்துவிட்ட இப்போதும் அப்படித்தான். முதலில் அந்த டாக்டர் சொன்ன காயும் பருப்பும் நடையும்தான் கடைசியில் என் வைத்தியம். எடை மெதுவாகச் சீராகிறது, கழுத்தும் சற்று வெளுத்திருக்கிறது. ஓனர் ஆன்ட்டி மட்டும் என்னைப் படியில் பார்த்தால் ஊட்டா ஆய்த்தா என்று கேட்பதில்லை.

அம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள். நான் ஒழுங்காகச் சாப்பிட்டு, மாதவிடாய் சீராகும் வரை அவள் செவ்வாய்க்கிழமை விரதம். நான் சாப்பிட வேண்டும் என்பதற்காக அவள் பட்டினி. ஆலோசகர் சொல்லிப் பார்த்தார், அப்பா சத்தம் போட்டார். சாமி காரியத்தில் தலையிடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது. பிறகு வெள்ளியும் சேர்ந்தது. ரவிக்கைகள் தொளதொளத்தன. மாடி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் மதியம் அலாரம் அடித்து நான் சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் எனக்கு மட்டும் பரிமாறினாள்.

"உனக்கும்மா?"

"இன்னிக்கு ஒரு பொழுது."

"புதன்கிழமையில என்னம்மா ஒரு பொழுது?"

கரண்டியைக் குழம்பில் போட்டு வெறுமனே கிண்டினாள்.

"தலைவலி. அதான் வேணாம்னுட்டேன்."

இன்னொரு தட்டு எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். என் வயிறு வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. அவள் சாப்பிடத் தொடங்கட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். நான் தொடங்கட்டும் என்று அவளும் உட்கார்ந்திருந்தாள்.