கூட ஒரு ஆள்

துலுக்கானம் குடியை விட்டது பெண்டாட்டியின் மெத்தையால்தான். கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக் கடைத்தெருவில் அப்துல் கையூமின் மெத்தைக்கடைக்கு விற்கப் போனான், வெட்கம் கெட்டவன். வேம்புலியம்மாள் முந்தின வாரமே மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். எழுபதாம் வருஷம், மதுவிலக்கு இருந்த காலம். இருந்தால் என்ன? குடிக்கிறவனுக்குக் கிடைக்காமலா போகும்! காட்டுப்பாக்கத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் கள்ளச்சாராயம் லாரி டியூபில் வந்து இறங்கும்.

கையூம் மெத்தையைத் தொடவில்லை. துலுக்கானத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, கை இப்பிடி ஆடுது? காலைலேர்ந்து ஒண்ணும் போடலியா?"

"மெத்தைய வாங்கிக்கிறியா இல்லியா, பாய்?"

"வாங்க மாட்டேன். உள்ள வந்து குந்து. நானும் ஒரு காலத்துல இப்பிடி ஆடினவன்தான்."

அன்று மாலை ஆறு மணிக்குப் பஞ்சு மூட்டைகளின் மேல் நாலு பேர் உட்கார்ந்தார்கள். கையூம், லாரி ஓட்டுகிற வரதன், கம்பவுண்டர் கோவிந்தராஜ், புதிதாகத் துலுக்கானம். அந்தக் கூட்டத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. இன்றைக்குக் குடிக்கவில்லை என்று ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். குடித்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. குடிக்கப் போகிறாயா, போ. ஆனால் தனியாகப் போகாதே, எங்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போ.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தோப்புக்கு நடந்து போக ஒரு மணி நேரம் ஆகும். பேசிக்கொண்டே போனால் பாதி வழியில் நாக்கின் நமைச்சல் அடங்கிவிடும், இருவரும் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பதினோரு மாதத்தில் துலுக்கானம் ஒன்பது தடவை கையூமைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு தடவைகூடத் தோப்பு வரை போனதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டுகிற பிரஸ் ஓட்டும் வேலையும் மிஞ்சியது, கைவிரல்களும் மிஞ்சின. வேம்புலியம்மாள் திரும்பி வந்தாள். "இன்னொரு தபா வாயில வாடை வந்துச்சு, கொயந்தையத் தூக்கிக்கினு போய்க்கினே இருப்பேன். உன் பொணம் வுழுந்தாலும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

எழுபத்தொன்று ஆவணியில் மதுவிலக்கை எடுத்தார்கள். மெத்தைக்கடைக்கு நேர் எதிரே, பழைய அரிசி மண்டியில், பச்சைப் பெயிண்ட் அடித்துச் சாராயக்கடை வந்தது. இருபது அடி தூரம். அடேயப்பா, முதல் நாள் தேர்க் கூட்டம்! பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்தால் அங்கே கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் வரதன் வரவில்லை. அடுத்த வாரம் கோவிந்தராஜ் வாசல் வரைக்கும் வந்தான். "ஒடம்பு சரியில்ல பாய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

கையூமின் பேச்சும் நாளுக்கு நாள் குறைந்தது. வில்லை எடுத்துப் பஞ்சு அடிப்பார், நடுவில் நிறுத்திவிட்டு எதிரே பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையூம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையெல்லாம் பஞ்சு.

"நான் போறேன்டா, துலுக்கானம். தனியா போவக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்? அதான் உன்னக் கூப்ட வந்தேன்."

"வா பாய், காட்டுப்பாக்கம் பக்கமா நடந்துட்டு வர்லாம்."

"அம்மாந் தூரம் எதுக்கு? எதிர்லியே கீதே."

துலுக்கானம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நடந்தான். மகளைப் பற்றி, மழையைப் பற்றி, எதையாவது. பாதிப் பேச்சிலேயே சாராயக்கடை வந்துவிட்டது. கையூமின் கையைப் பிடித்து இழுத்தான். அவர் அழுதார்.

"வுடுடா. எட்டு வருஷம்டா. சரக்கு தூரமா இருந்துச்சு, அதனால நான் யோக்கியனா இருந்தேன். அவ்ளோதான்டா நான்."

கையை உதறிக்கொண்டு உள்ளே போனார். ஒரே மடக்கில் முதல் கிளாஸ் காலி. இரண்டாவதை வாங்கியபோது வாசலில் ஒருவன் நிற்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவருக்குப் பின்னால் பெஞ்சில் வரதன் சாய்ந்து கிடந்தான்.

அந்த நேரத்தில் மனிதனுக்கு அழுகை வர வேண்டாமா? துலுக்கானத்துக்கு எச்சில் ஊறியது. பாழாய்ப்போன கை சட்டைப்பையில் சில்லறையைத் தேடியது. கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை.

விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். வேம்புலியம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"வேம்பு, எனக்குக் குடிக்கப் போவணும் போல கீது. பாய் போய்ட்டாரு. தனியா போவக் கூடாது. நீ என்கூட வா."

அவள் எழுந்து வந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். அறையப் போகிறாள் என்றே நினைத்தான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், மகளை இடுப்பில் வைத்தாள், கதவைப் பூட்டினாள்.

"எந்தப் பக்கம் போனா கடை தூரம்?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். கரையான்சாவடியில் ஒன்று திறந்துவிட்டார்கள். குமணன்சாவடியில் ஒன்று. காட்டுப்பாக்கத்தில் ரோட்டின் மேலேயே ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் கடை பக்கத்திலேயே இருந்தது.