நான்கு நாள் கத்திய பெட்டி

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் படிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறேன். அரிவாள் பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எந்த இடத்தில் எந்த ‘ல’ வரும் என்பது இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தப்பு இருக்கும் இடங்களை நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். டவுனில் அத்தையின் கடையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அழகாக டைப் செய்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் இதை அங்கே கொடுக்க முடியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அடி அண்ணாமலையில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. வாசலில் கடை போட்டு அப்பா சோடா, கற்பூரம் விற்பார். பௌர்ணமி வந்தால் நிற்க நேரமிருக்காது. மற்ற நாட்களில் ஈ ஓட்டுவார். அப்பாவின் தங்கை கல்யாணமாகி இரண்டாம் வருடமே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். வந்தபோது இடது கையில் கட்டுப் போட்டிருந்தாள். வழுக்கி விழுந்துவிட்டதாக எனக்குச் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

கட்டுப் பிரித்ததும் அத்தை டவுனில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனாள். ஒரு வருடத்தில் அங்கேயே டைப் அடிக்கும் வேலையும் கிடைத்தது. பிறகு சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டர் வைத்து, கலெக்டர் ஆபீஸ் மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தாள். முழுசாக வாங்கினால் விலை ஜாஸ்தி. பாகங்களாக வாங்கித் தானே மாட்டினால் கம்மி. சென்னைக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வந்தாள்.

அந்த வாரம் பார்த்து அவள் புருஷன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா கெட்டவர் இல்லை. நாலு பேர் பேச்சுக்குப் பயந்தவர். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி பேசினார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பொட்டிய ஓட்டிக் காட்டு. என் தங்கச்சி சொந்தக் கால்ல நிப்பான்னு நானே அவங்ககிட்ட பேசறேன். ஓடலன்னா, கம்முனு அவங்ககூட கிளம்பிடணும்.”

“ஓடும்ணா” என்றாள் அத்தை.

புதன்கிழமை காலையில் முன்னறையில் ஒரு போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்டுக்கொண்டிருந்தேன். பச்சை நிறத்தில் பெரிய பலகை ஒன்று, அது மதர்போர்டு. விரல் நீளத்துக்குச் சின்னப் பலகை ஒன்று, அது ரேம். அதன் ஓரத்தில் வரிசையாகத் தங்கக் கோடுகள். பரப்பி வைத்ததிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது.

அம்மா சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தாள். எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டார்கள். கிணற்று மோட்டார் வாங்கியபோது, அதைப் பிரித்து வைத்திருந்த நிலையிலேயே ஒவ்வொரு துண்டுக்கும் அம்மா பொட்டு வைத்தாள். அதேபோல் இதற்கும் வைக்கக் குனிந்தாள்.

“உள்ள வேணாம் அண்ணி. மூடினப்புறம் மேல வெச்சிக்கலாம்.”

“மோட்டாருக்கு வெச்சனே, ஓடலியா?”

“அது வேற, இது வேற அண்ணி.”

“ஏன், என் கை பட்டா ஆகாதா?” என்று அம்மா கிண்ணங்களை ஜன்னல் மேல் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் துணி துவைக்கப் போய்விட்டாள். அத்தை பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் பிளக் ஒன்று குறைகிறது என்று கடைக்குப் போனாள்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். பொட்டில்லாமல் ஒரு பொருளை ஓட்டினால் சாமி எப்படி அதைக் கண்டுபிடிக்கும் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டால் அம்மாவுக்கும் குறையில்லை, அத்தைக்கும் குறையில்லை. இருந்ததிலேயே அழகான இடத்தில், அந்தத் தங்கக் கோடுகளின் மேல், சந்தனத்தை வைத்தேன். கொஞ்சம் பெரிதாகிவிட்டது, விரலால் தேய்த்துவிட்டேன். குங்குமம் சிவப்பாகத் தெரியும் என்பதால் வைக்கவில்லை. அத்தை திரும்பி வருவதற்குள் சந்தனம் காய்ந்து அந்தக் கோடுகளின் நிறத்துக்கே வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். அப்பா கற்பூரம் காட்டினார். அத்தை பொத்தானை அமுக்கினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. டிவி மாதிரி இருந்த திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெட்டி நீளமாக ஒரு சத்தம் போட்டது. நிறுத்தியது. மறுபடியும் போட்டது.

“இன்னாம்மா சொல்லுது?” என்றார் அப்பா.

அத்தை பொத்தானை மறுபடி அமுக்கினாள்.

வியாழக்கிழமை முழுக்கப் பெட்டி கத்தியது. கரண்ட் கம்மியாக வருகிறதோ என்று யாரிடமோ ஸ்டெபிலைசர் வாங்கி வந்து மாட்டினாள், கத்தியது. வேலை செய்யும் இடத்துக்குத் திரையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போய் வந்தாள்; அங்கே நன்றாகத் தெரிந்ததாம். எதிர்வீட்டு அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்று எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, ஊட்டுல ஆட்டுக்குட்டி எதனா புடிச்சி வெச்சிருக்கீங்களா? கத்திக்கினே கீது.”

“ஆமா, தீனி கேக்குது. உன் ஊட்டுக்காரர அனுப்பு, தழை ஒடிச்சிக்கினு வரட்டும்” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை அப்பா, டிவி ரிப்பேர் பார்க்கும் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“யாரு மாட்னது? நீயாம்மா? இதெல்லாம் பொம்பளைங்க கட்ற பூச்சரம்னு நெனச்சிட்டியா?”

“பூ கட்டவும் வெரல் வணங்கணும்ணா. ஒரு மொழம் கட்டிப் பாருங்க, தெரியும்.”

அவர் டீ குடித்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தது யார் என்று தெரியாது. காலையில் பை கதவோரம் இருந்தது.

சனிக்கிழமை அத்தை எல்லாவற்றையும் கழற்றினாள். அட்டையின் மேல் மதர்போர்டை வைத்து, அவசியமானதை மட்டும் மாட்டி ஓட்டினாள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிச் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தாள். கூடவே வந்த சின்னப் புத்தகத்தில், நீளமாகத் திரும்பத் திரும்பக் கத்தினால் ரேமைப் பார் என்று இருந்ததாம். அதை ஏற்கெனவே மூன்று தடவை கழற்றி மாட்டியிருந்தாள். பக்கத்து இடுக்கிலும் போட்டுப் பார்த்திருந்தாள். நான்காவது தடவையாகக் கையில் எடுத்தவள், வெளிச்சத்தில் பிடித்துத் தூசி ஊதப் பார்த்தாள். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பிறகு அதை மூக்கருகில் வைத்து முகர்ந்தாள்.

அத்தை நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அத்தை வெகு நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

“உன் ரப்பரக் குடுடா” என்றாள்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தங்கக் கோடுகளை மெல்ல மெல்லத் தேய்த்தாள். புது டூத் பிரஷ்ஷால் இடுக்குகளைச் சுத்தம் செய்தாள். மறுபடி மாட்டி ஓட்டினாள். பெட்டி குட்டையாக ஒரே ஒரு சத்தம் போட்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடின.

அப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். “இன்னா கோளாறு?”

“சரியா உக்காரலண்ணா. என் கைதான் தப்பு.”

எனக்காக அவள் பொய் சொன்னாள். அந்த நிமிடத்தில் அத்தையைவிட நல்லவள் உலகத்தில் கிடையாது என்று தோன்றியது. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, குங்குமக் கிண்ணத்தோடு சிரித்த முகமாக வந்தாள். பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

“இப்ப திருப்தியா அண்ணி?” என்றாள் அத்தை.

“ஏன், எனக்கு மட்டுந்தான் திருப்தியா? உனக்கில்லையா?” என்று அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் வீட்டார் வந்தபோது அத்தை யாருக்கோ மனு அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. அப்பா அவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். “அவளுக்கு இங்க வேலை இருக்குது. வேலைய உட்டுட்டு எப்படி வருவா?” என்றார். சோடா பாட்டிலைப் பார்த்தபடிதான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டார். அவர்கள் பாதிச் சோடாவோடு போய்விட்டார்கள்.

இரண்டே மாதத்தில் அத்தை டவுனில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். அங்கே ஆட்கள் அதிகம் வருவார்கள், அதனால் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா எடுத்து வைத்த பாத்திரங்களை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பிறகு பொங்கலுக்கு வந்தாலும் ஒரு வாய்த் தண்ணீரோடு கிளம்பிவிடுவாள். “அவளுக்கு நான் இன்னாடா கொறை வெச்சேன்?” என்று அம்மா என்னிடம் கேட்பாள். எனக்கென்ன தெரியும் என்பேன்.

முப்பது வருடம் ஆகப்போகிறது. போன மாதம் அத்தை கிரிவலம் வந்தபோது என் வண்டியிடம் நின்றாள். ஒரு இளநீரைச் சீவிக் கொடுத்தேன். அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகிவிட்டது, உன்னைப் பார்க்கக் கேட்கிறாள் என்றேன்.

“வரேன்டா. ஆனா ஒண்ணு, இத உன்னோட வெச்சிக்க” என்று குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கு அந்த ரேம்ல சந்தனம் பூசுனது உங்கம்மா. நான் போய்த் தொலையட்டும்னு பூசுனாங்க. துணிய மடிச்சி பைல கூட வெச்சாங்க. அண்ணங்கிட்ட சொல்லியிருந்தா ஊடு ரெண்டாயிருக்கும். நீ சின்னப் பையன். அதான் என் கை தப்புன்னு முடிச்சிட்டேன்.”

என் வாய் திறக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தக் குறை உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு பேர் இளநீர் கேட்டு வந்து நின்றார்கள். அத்தை குடித்து முடித்து, என் தோளைத் தட்டிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பையைப் பற்றிக் கேட்டேன். “அதுவா? அவ நைட்டெல்லாம் அழுதுக்கினே இருந்தா. காலைல எந்திரிச்சி அதையும் செய்ய வேணாம்னு மடிச்சி வெச்சேன். ஏன்டா?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தப் பொய் எனக்காகச் சொன்னது என்று அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது அம்மாவைக் காப்பாற்றச் சொன்ன பொய். ஒன்றும் செய்யாத அம்மாவை, ஒன்றும் தெரியாத அத்தை, மனதுக்குள்ளேயே மன்னித்து மன்னித்துத் தூரமாகப் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கிறேன்.

அத்தை, சந்தனம் வைத்தது நான். அம்மா அப்போது கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை.